சரளைப் பாதையில் அவருக்குப் பின்னால்

என் கணவருக்கு வலிப்பு வரும் என்பது கல்யாணத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். அவரே சொன்னார். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோது, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, ஒரு விஷயத்த மறைக்கக் கூடாது. எனக்கு எப்பவாச்சும் வலிப்பு வரும். மாத்திரை சாப்பிடுறேன்" என்றார் என் அப்பாவிடம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அந்த ஒரு பேச்சுக்காகவே நான் சம்மதித்தேன். அவர் சொல்லாமல் விட்டது சைக்கிளைப் பற்றி.

கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தேன். மடவார் வளாகத்தில் வாடகை வீடு. மாமியார், அவர், நான். அவருக்குக் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை. எனக்கு மம்சாபுரத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலை. எண்பதுகளின் கடைசி அது. லீவு நாள் விடிந்தால் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலையைப் பார்த்துக் கிளம்பிவிடுவார். சைக்கிள் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மதுரை ரோட்டில் ஓட்டுவதை மட்டும் அவர் நிறுத்தியிருந்தார்.

"அங்கன பஸ்ஸு லாரி ஒண்ணும் கெடையாது. விழுந்தாலும் மண்ணுலதான விழுவேன்" என்றார்.

"தூக்குறதுக்கு ஆளு?"

அவர் குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தார். போகாதீர்கள் என்று அழுது பார்த்தேன். அப்போது இரண்டு வாரம் போகாமல் இருந்தார். சாப்பிட்டார், கோர்ட்டுக்குப் போனார், கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் வீட்டில் வேறு யாரோ இருக்கிற மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம், எனக்கும் ஒரு சைக்கிள் வாங்குங்கள் என்றேன்.

பள்ளி மைதானத்தில் சாயங்காலங்களில் பழகினேன். முழங்கால் இரண்டிலும் தோல் போயிற்று. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நான் ஓட்டுவதைப் பார்த்து மாமியார், "வேற வேல இல்லையா ஒனக்கு?" என்றார். எதற்காகப் பழகுகிறேன் என்று தெரிந்த பிறகு, முழங்காலுக்கு மஞ்சள் அரைத்துத் தந்தார்.

மம்சாபுரம் தாண்டி மேற்கே போனால் தென்னந்தோப்புகள், அதற்கப்புறம் மாந்தோப்புகள். அவையும் முடிந்ததும் காட்டோரமாக ஒரு சரளைப் பாதை. ஏறும், இறங்கும், ஓடைகளுக்குள் விழுந்து எழும்பும். டயருக்கடியில் கல் நொறுங்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இருக்காது. அவர் முன்னால், நான் பின்னால். மலையை அவர் பார்ப்பார். நான் அவர் முதுகைப் பார்ப்பேன். ஹேண்டில்பாரில் அவருடைய இடது கை கொஞ்சம் அசைந்தாலும் பிரேக்கைப் பிடித்துவிடுவேன். கொக்கைப் பார்த்துத் தலையைத் திருப்பினாலும் அப்படித்தான்.

வலிப்பு வருவதற்கு முன் அவருக்கு ஏதோ தீய்கிற வாடை வரும். வந்த கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடுவார். அதனால் வழியில், "வாடை வருதா?" என்று அடிக்கடி என்னைக் கேட்பார். தோப்புகளில் சருகு எரிப்பார்கள். நானும் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "வருது, வருது" என்பேன். வாடை எனக்கும் வந்தால் நிம்மதி. இப்படியே இரண்டு மூன்று வருஷம் ஓடியது. வீட்டில் சில தடவை வலிப்பு வந்தது. பாதையில் ஒரு தடவைகூட வரவில்லை. அவருக்குத் தைரியம் கூடிக்கொண்டே போனது. எனக்கோ, வராத ஒவ்வொரு தடவையும், அடுத்த தடவைக்குத்தான் அது காத்திருக்கிறது என்று தோன்றும்.

மழை விட்ட ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஒரு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தோம். கீழே ஓடையில் தண்ணீர் போகும் சத்தம் கேட்டது.

"வாடை வருதா?"

உறிஞ்சிப் பார்த்தேன். ஈர மண் வாசனைதான் வந்தது. காடு முழுக்க நனைந்து கிடந்தது. அதில் எதுவும் எரிய வழியே இல்லை.

"எறங்குங்க" என்று கத்தினேன். அவர் பிரேக்கைப் பிடித்து ஒரு காலை ஊன்றியதைப் பார்த்தேன். அப்புறம் சைக்கிளோடு சேர்ந்து சாய்ந்தார்.

என் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி தலைக்கடியில் என் கையைக் கொடுத்தேன். வெட்டி இழுத்தது. வாயில் நுரை வந்தது. அடங்கியதும் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நுரையைத் தலைப்பால் துடைத்தேன். புருவத்தில் கல் கிழித்து ரத்தம் வந்தது. வேறு பெரிய காயம் இல்லை. குறட்டை மாதிரி மூச்சு வாங்க ஆரம்பித்தார். எப்போதும் அப்படித்தான். இனி செத்த நேரத்தில் விழித்துவிடுவார் என்று நினைத்தேன்.

அப்போது கீழே ஓடைப் பக்கம் ஒரு கிளை ஒடிந்தது.

காற்றில் ஒடிகிற சத்தம் இல்லை அது. இழுத்து, முறுக்கி ஒடிக்கிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மாந்தோப்புக்கு யானை வந்து போவதைப் பற்றிப் பள்ளியில் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். வழியில் அவை போட்ட லத்தியைப் பார்த்திருக்கிறேன். யானையைப் பார்த்ததில்லை.

நான் திரும்பியதில் கால் பட்டு, விழுந்து கிடந்த அவர் சைக்கிளின் பின்சக்கரம் டிக் டிக்கென்று சுற்றியது. அதைக் கையால் பிடித்து நிறுத்தினேன். அவர் மூச்சை என்ன செய்வது? வாயைப் பொத்த முடியாது. அக்குளில் கை கொடுத்து இழுத்துப் பார்த்தேன். கால் சரளையில் உரசி பெரிய சத்தம் எழுந்தது. விட்டுவிட்டேன். ஓடிவிடலாம் என்ற எண்ணம் வரவே இல்லை என்று சொன்னால் அது பொய். காலுக்கு அந்த எண்ணம் வந்தது. எழுந்துகூட நின்றேன். பிறகு அவர் தலைமாட்டில், ஓடைக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்து என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. மனப்பாடமாய்த் தெரிந்த ஜெபம் பாதியிலேயே மறந்து போனது. திரும்பத் திரும்ப முதல் வரியையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.

"யாரு நீங்க?"

உதட்டில் விரல் வைத்தேன். அவர் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"கோர்ட்டுக்கு நேரமாச்சு."

"இன்னைக்கு லீவு" என்றேன் காதோரமாக. "படுங்க."

"லீவா?"

"ஆமா. சனிக்கெழம."

"சட்டை எங்க? சட்டையக் குடுங்க, நான் போகணும்." குரல் உயர்ந்தது. தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். வீட்டில் இப்படிப் பேசினால் மாமியார் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். அது ஞாபகம் வந்து, நானும் ரகசியக் குரலில் பேச ஆரம்பித்தேன். சட்டை துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன், இப்போது காய்ந்துவிடும், செத்த நேரம் பொறுங்கள், இட்லி வெந்துகொண்டிருக்கிறது. என்னென்னவோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு சாய்ந்தார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கீழே பாதையில் அவை வெளியே வந்தன. முதலில் ஒரு பெரிய யானை, அதை ஒட்டி ஒரு குட்டி, பின்னால் இன்னொன்று. எங்களுக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவு இடம் இருக்கலாம். முன்னால் வந்தது நின்று தும்பிக்கையைத் தூக்கிக் காற்றில் துழாவியது. நான் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் எழுந்துவிடுவார் என்று பயம். உதடு மட்டும் அசைய, சட்டினிக்குத் தேங்காய் துருவியாயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யானை ஓடையைத் தாண்டியது. குட்டி தண்ணீரில் நின்று விளையாடப் பார்த்தது. பின்னால் வந்தது அதை முட்டி ஏற்றிவிட்டது. புதர் மூடிக்கொண்டது. அதற்கப்புறமும் வெகுநேரம் கிளை ஒடியும் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "எங்க விழுந்தேன்?" என்று கேட்டபோதுதான், திரும்பி வந்துவிட்டார் என்று தெரிந்தது. நான் கையால் சரிவைக் காட்டினேன். பல் கிட்டிப் போயிருந்தது.

என் சைக்கிளைப் புதரில் தள்ளிவிட்டு, அவருடையதை நான் உருட்ட, அவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மாந்தோப்புக்காரர்கள் டிராக்டரில் ஏற்றி மம்சாபுரத்தில் இறக்கிவிட்டார்கள். வீட்டு வாசலில் மாமியார் அவர் புருவத்தில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கும் முன் என் கணவரே, "வந்துருச்சும்மா" என்றார்.

அதன் பிறகு மதுரையில் வேறு டாக்டரைப் பார்த்தோம். மாத்திரையை மாற்றினார். ஒரு வருஷம் சைக்கிளைத் தொடக் கூடாது என்றார். இந்தத் தடவை இவர் ஒப்புக்கொண்டார். மீட்டுக் கொண்டுவந்த என் சைக்கிளை மட்டும் லீவு நாட்களில் துடைத்து எண்ணெய் விடுவார். நாலைந்து மாதம் போனதும், "நீ ஒரு நடை போயிட்டு வாயேன். பாதை எப்பிடிக் கெடக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்றார்.

எனக்கு விருப்பமில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் போனேன், பள்ளியில் கூட வேலை பார்த்த டீச்சரோடு. வெயில் ஏறுமுன் வெள்ளனவே வந்துவிடுவோம் என்று சொல்லியிருந்தோம். திரும்பும்போது என் டயரில் முள் ஏறிவிட்டது. இருவரும் வெயிலில் உருட்டிக்கொண்டே வந்தோம். மம்சாபுரம் வர மத்தியானம் தாண்டிவிட்டது.

பஸ் ஸ்டாப்பில் அவர் நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் ரோட்டைப் பார்க்காமல் குறுக்கே வந்தார்.

"இம்புட்டு நேரமா? காலையிலயே பஸ் ஏறி வந்துட்டேன். காட்டுக்குப் போற ஆளு யாரையும் காணும். போலீஸுல சொல்லுவமான்னு இருந்தேன்."

"பஞ்சர்" என்றேன்.

டீச்சர் அவள் வீட்டுக்குத் திரும்பியதும் அவர் என் சைக்கிளை வாங்கி உருட்டினார்.  பஞ்சர் கடை முன்னால் நின்று, "நீ எல்லா நடையும் இப்பிடிப் பதறிக்கிட்டுத்தான் வந்தியா, என் பின்னாடி?" என்று கேட்டார்.

"ஆமா."

அவர் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்தார்.

வருஷம் முடிந்து டாக்டர் சரி என்ற பிறகு மறுபடியும் போனோம். தொண்ணூறுகள் முழுக்கப் போனோம். பாதையில் அப்புறம் வலிப்பு ஒரு தடவையும் வரவில்லை. சரிவு வந்தால் நான் சொல்லாமலே இறங்கி உருட்டுவார். என் பயம் மட்டும் போகவில்லை. சில காலைகளில் அவர் கிளம்பி நிற்கும்போது, "இன்னைக்கு வேண்டாங்க" என்பேன். காரணம் எதுவும் இருக்காது. அவரும் ஏன் என்று கேட்கமாட்டார். சைக்கிளை உள்ளே ஏற்றிவிட்டு, பேப்பர் வந்துவிட்டதா என்று பார்ப்பார்.