மழைக்கும் மழைக்கும் நடுவில்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். தீமிதியன்று கோயிலில் ஒருவருக்குச் சாமி வந்து ஆடும்போதுகூட, மைக் ஒயரை மிதித்து அறுத்துவிடப் போகிறாரே என்றுதான் எனக்குக் கவலையாக இருக்கும். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன், உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

பிஜித் தலைநகர் சுவாவில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு தையல் கடைக்கு மேலே எனக்கு ஓர் அறை உண்டு. ஒலிப்பதிவுத் தொழில். சொல்லித் தந்தவர் யாருமில்லை, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டதுதான். வீட்டில் நாங்கள் பேசுவது ஹிந்தி. என் தமிழ் கோயிலிலிருந்தும், என்னிடம் பதிவு செய்ய வந்த பெரியவர்களின் வாயிலிருந்தும் வந்தது. ஒருவர் பேசியதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்பதுதானே வேலை, அவர் சொன்ன சொல்லெல்லாம் நம்மோடு தங்கிவிடும்.

இரண்டாயிரமாவது ஆண்டில் துப்பாக்கியைக் காட்டி ஆட்சியைப் பிடித்தார்களே, கடைத்தெரு எரிந்ததே, அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு “பேப்பர் வந்துச்சா” என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். விசாவைத்தான் அப்படிச் சொல்வார்கள். பாதித் தெரு ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் போய்விட்டது. அந்த நேரத்தில்தான் பினாங்கிலிருந்து, அதாவது மலேசியாவில் இருப்பது இல்லை, இங்கேயே ராக்கிராக்கிப் பக்கம் சர்க்கரை ஆலை இருக்கிற பினாங்கிலிருந்து, சரோஜா என்ற பெண் பஸ் ஏறி என்னைத் தேடி வந்தாள். மடியில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே கேசட்டுகள்.

அவளுடைய அம்மா அஞ்சலையம்மாள் இறந்து காரியமும் முடிந்திருந்தது. அண்ணன் வேலு ஆக்லாந்தில் இருந்தான். கரும்பு நிலத்தின் குத்தகை போனதும் மனைவியோடு சுற்றுலா விசாவில் போனவன், தங்கிவிட்டான். அவள் பிள்ளைத்தாய்ச்சி, அங்கேயே இருக்க அனுமதி கேட்டு வக்கீல் மூலம் மனுப் போட்டிருந்தார்கள்.

“அம்மா போயிட்டாங்கன்னு தெரிஞ்சா ஓடியாந்துருவாண்ணா. வந்தா திரும்ப உள்ள விடமாட்டாங்க. பேப்பர் வர்ற வரைக்கும் அம்மா பேசணும்” என்றாள்.

அம்மாவுக்குக் காது மந்தம், டெலிபோன் ஒத்துவராது. தாயும் மகனும் கேசட்டில்தான் பேசிக்கொள்வார்கள், ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். பதிவு செய்யும்போது அழுதுவிட்டால் அம்மா அந்தக் கேசட்டை அனுப்ப மாட்டாராம். மகன் காதில் அழுகை விழக்கூடாது, வேறு கேசட்டில் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அப்படி ஒதுக்கியவைதான் டின்னில் இருந்தவை. அழுகைக்கு முன்னால் பேசியதை எடுத்து ஒட்டி ஒரு புதுக் கேசட் செய்துதர வேண்டும்.

என்ன சொல்வது, செய்தேன். அந்த அம்மாவின் பேச்சு என்னை அப்படி இழுத்துவிட்டது. “கரும்பு வளந்துடுச்சி, நானு குறுகிட்டேன்” என்கிறார். “அங்க அந்தக் குளுராமே, மீச இருக்கா விழுந்துடுச்சா” என்கிறார். முகம் பார்க்காத ஒருத்தி, ஹெட்போனில் என்னோடு உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது.

ஒட்டுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒட்டு குரலில் தெரியாது, குரலுக்குப் பின்னால் தெரியும். ஒரு துண்டில் தகரக் கூரையில் மழை கொட்டும், அடுத்த துண்டில் தூறிக்கொண்டிருக்கும். வெட்டிப் பக்கத்தில் வைத்தால் மழை சட்டென்று மாறும், எந்தக் குழந்தையும் கண்டுபிடித்துவிடும். அதனால் முதல் துண்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, இது மெல்ல இறங்க இறங்க அது மெல்ல ஏறும்படி விடுவோம். கிராஸ்ஃபேட் என்று பெயர். கம்ப்யூட்டர் திரையில் இரண்டு கோடுகள் குறுக்கே போகும். காதுக்கு ஒரே மழைதான்.

அழுகையை வெட்டி எடுத்த முதல் இடத்தில், “இங்க மழ” என்று ஒரு துண்டு முடிகிறது, “ஆடு குட்டி போட்டுருக்கு” என்று அடுத்தது தொடங்குகிறது. மழையையும் மழையையும் கலந்து ஓடவிட்டேன். நடுவில் அந்த அம்மாவே வேறு ஏதோ சொன்னார்.

நம்பினால் நம்புங்கள். பட்டப்பகல், கீழே தையல் மெஷின் ஓடுகிறது, தெருவில் பஸ் ஹாரன். முதல் துண்டை மட்டும் போட்டேன், வெறும் மழை. இரண்டாவதை மட்டும் போட்டேன், அதிலும் மழைதான். சேர்த்துப் போட்டால் குரல். கலக்கிற இடத்தை நீட்டினேன், குறுக்கினேன், ஆட்டுக்குட்டியை எடுத்துவிட்டு வேறு வாக்கியம் வைத்தேன். வந்துகொண்டே இருந்தது. சொல் விளங்கவில்லை, வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி கொழகொழவென்று இருந்தது. அழுகையின் மிச்சம் எங்கோ ஒட்டியிருக்கிறது, அழுதால் தொண்டை அப்படித்தான் ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சரோஜாவிடம் கேட்டேன். “அம்மா வெத்தல போடுவாங்களா, தங்கச்சி?”

“தொடமாட்டாங்க. பல்லு ஒண்ணுதான் நமக்கு நகை, அதயும் கறயாக்கவான்னு கேப்பாங்க” என்று சிரித்தாள். ஹெட்போனை வாங்கிக் கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி டின்மேல் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

“எரிக்கிறதுக்கு முன்னாடி வாய்க்கரிசி போட்டோம்ணா. மகன் எங்கன்னு பூசாரி கேட்டாரு. அவன் பங்கையும் நானே போட்டுட்டேன், இன்னொரு கை அள்ளி. அம்மாவுக்குச் சின்ன வாய். நெறஞ்சி வழிஞ்சிடுச்சி.”

அவள் தெளிவாக இருந்தாள். “அனுப்பிடலாம்ணா. தெரிஞ்சவங்க இன்னிக்கு பிளேன் ஏறறாங்க. இத்தன மழயில அவனுக்குக் கேக்காது.” ஒட்டிய இடத்தில் குரலைக் குறைத்து மழையை ஏற்றிக் கேசட்டில் இறக்கிக் கொடுத்தேன்.

வேலுவின் பதில் கேசட்டை எடுத்துக்கொண்டு அவள் மறுபடி வந்தபோது முகமே சரியில்லை. தனியாகக் கேட்கப் பயமாக இருக்கிறது என்றாள். ஓடவிட்டேன்.

“யம்மா, ஒன் கேசட்டு வந்துச்சி. ஆட்டுக்குட்டிக்கு என் பேரு வெச்சிடாத. யம்மா, நடுவுல வாயில சோத்த வெச்சிக்கிட்டு என்னமோ சொல்றியே, நீ போடல, நீ போடலன்னு. என்னா போடல? கடுதாசியா? எனக்கு எழுத வராதுன்னு ஒனக்குத் தெரியாதா. ஸ்வெட்டர் போடலங்கிறியா? போட்டுக்கிட்டுத்தான் தூங்கறேன். என் தமிழு அரகொற, வெளங்கற மாதிரி சொல்லு. தெனம் அந்த எடத்தயே போட்டுப் போட்டுக் கேக்கறேன், மனசுக்கு அச்சா படல. நேர்ல வந்து கேட்டுக்கறேன்.”

டேப் ஓடி நின்றது. அவன் எதைப் போடவில்லை என்று எங்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லே அவனுக்குத் தெரியாது, வாய்க்கரிசி என்று யார் சொல்லித் தந்திருப்பார்கள்?

என் அறையிலிருந்தே போன் செய்தாள். வராதே, வராதே என்று ஹிந்தியில் கெஞ்சினாள். அவன் ஒன்றே ஒன்றைக் கேட்டிருக்கிறான்: “காது கேக்கலன்னா பரவால்ல, அம்மாகிட்ட போனக் குடு.” சரோஜா பொய் சொல்ல வாயைத் திறந்தாள். என் கண் முன்னால்தான் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. அந்தப் பக்கம் அவன் புரிந்துகொண்டான்.

வந்துவிட்டான். பினாங்குக்குப் போய் மாலை போட்ட படத்தைப் பார்த்திருக்கிறான், சாம்பல் ஆற்றில் கரைத்தாகிவிட்டது என்று தெரிந்துகொண்டிருக்கிறான், நேரே தங்கையோடு என்னிடம் வந்தான். பெரிய உடம்பு, அடர்ந்த மீசை. கம்ப்யூட்டரில் அந்த இடத்தைப் போடச் சொன்னான்.

போட்டேன். “இங்க மழ” வந்தது. “ஆடு குட்டி போட்டுருக்கு” வந்தது. நடுவில் குரல் இல்லை. குரல் மட்டுமல்ல, மழையும் இல்லை. வாயைப் பொத்தினாற்போல ஓர் அமைதி. நான் மறுபடி போட்டேன், ஸ்பீக்கரை ஏற்றினேன். அதேதான்.

வேலு சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து மேசைமேல் அவிழ்த்தான். பச்சரிசி. தங்கை சொல்லிக் கொண்டுவந்திருக்கிறான்.

“இப்ப எங்கண்ணா போடறது?” என்றான்.

முடிச்சைத் திரும்பக் கட்டிக் கொடுத்தேன்.

அவனைத் திரும்ப உள்ளே விடவில்லை. பிறகு மனைவிக்குப் பேப்பர் வந்தது, வந்ததும் அவள் போன் பண்ணுவது குறைந்தது. மகள் பிறந்தாள், அவளுக்கு ஹிந்தியே வராது, தமிழை எங்கே கேட்பது. வேலு சுவாவிலேயே டாக்சி ஓட்டுகிறான். கியருக்குப் பக்கத்துத் தட்டில் அந்த முடிச்சு இருக்கிறது.

எத்தனையோ கம்ப்யூட்டர் மாற்றிவிட்டேன், அந்த வேலையை மட்டும் அழிக்காமல் ஒவ்வொன்றுக்கும் கொண்டுபோகிறேன். இரண்டு துண்டையும் தனித்தனியாகக் கேட்டால் அந்த இடத்தில் இரண்டிலும் மழை பெய்கிறது. சேர்த்துக் கேட்டால் நின்றுவிடுகிறது. மழையும் மழையும் சேர்ந்தால் மழைதானே வரவேண்டும், வராது. தொழில் தெரிந்த யார் வேண்டுமானாலும் என் அறைக்கு வந்து கேட்கலாம்.

சவாரி இல்லாத மதியங்களில் வேலு மேலே ஏறி வருவான். தேநீர் குடிப்பான். போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, “மழ வந்துச்சாண்ணா?” என்று கேட்பான். நான் போட்டுக் காட்டுவேன். இரண்டு பேரும் கேட்போம். பிறகு அவன் இறங்கிப் போய் வண்டியை எடுப்பான்.