வத்தல் கிடங்கில் மணாலிக் குளிர்

காலை ஏழு மணிக்கு விருதுநகரில் ரயிலை விட்டு இறங்கினேன். ஆமத்தூர் வழியாகச் சிவகாசிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது. இந்த ஊரில்தான் ஒரு பைக்கைக் குளிருக்குத் தயார் செய்யப் போகிறோம் என்று நினைக்கச் சிரிப்பு வந்தது.

என் கல்லூரி நண்பன் பாண்டி பட்டாசுக் கம்பெனி போர்மேன். தீபாவளி முடிந்து கம்பெனிகள் பூட்டியிருக்கும் இந்த மாதத்தில் இருவரும் பைக்கில் மணாலி போவதாகத் திட்டம். போன வருடம் மூணாறு குளிரில் அவன் வலக்கை மரத்து, பிரேக் பிடிக்க முடியாமல் வேலியில் மோதினான். பழைய தீவிபத்தில் வெந்த விரல்கள் அவை. அந்த விரல்கள் குளிரில் மடங்கினால்தான் இந்த முறை அனுப்புவேன் என்று அவன் மனைவி ராஜேஸ்வரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

பாண்டி வீட்டு வாசலில் பைக் நின்றது. குளிரில் கெட்டியாகாத இஞ்சின் ஆயிலும் புது பேட்டரியும் போட்டாகிவிட்டது. ஹேண்டில்பாரில், கையை உள்ளே விட்டுக்கொள்ள ராஜேஸ்வரி தைத்த உறைகள்.

"அசல் பருத்திண்ணே!" என்றாள். பட்டாசு அறைக்குள் நைலான் உடுத்திப் போகக் கூடாது, உரசினால் பொறி வரும். அந்தப் பழக்கம் தையலுக்கும் வந்துவிட்டது. பருத்திக்குள் காற்றுப் புகுமே என்றேன். அவள் நம்பவில்லை.

நான் கொண்டுபோயிருந்தது, பேட்டரியில் சூடாகும் கைப்பிடி. பாண்டி இரண்டடி தள்ளி நின்றான்.

"ஏலே, பக்கத்துலயே பெட்ரோல் டேங்க் இருக்குலே!"

பொறிக்குப் பயந்தே பிழைப்பு நடத்துகிறவனிடம் வாதாடிப் பயனில்லை. சுவிட்சைத் தொட மாட்டேன் என்று நான் ஒத்துக்கொண்ட பிறகுதான் மெக்கானிக்கை மாட்டவிட்டான்.

சரி, சோதித்துப் பார்க்கக் குளிருக்கு எங்கே போவது? விருதுநகரில் மிளகாய் வத்தலைக் குளிரில் வைக்கும் கிடங்கு ஒன்றில் ராஜேஸ்வரியின் அக்கா வேலை பார்க்கிறாள். மேனேஜரிடம் பேசி அரை மணி நேரம் வாங்கித் தந்தாள்.

பகல் பன்னிரண்டு மணி. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஐந்து டிகிரி. கூரை வரை வத்தல் மூட்டைகள். இஞ்சினை அணைத்துத் தள்ளிக்கொண்டு போய், குளிர்காற்று அடிக்கும் இடத்தில் நிறுத்தினோம். பாண்டி ஏறி உட்கார்ந்து உறைக்குள் கையை விட்டான். கொஞ்ச நேரத்தில் விரல்கள் குச்சி குச்சியாய் நின்றன.

"மடங்கலைலே," என்றான். குரலே இறங்கிவிட்டது.

ராஜேஸ்வரிக்கு முகம் வாடியது. என் பையிலிருந்த நைலான் மழைக்கோட்டை வாங்கி உறையின் மேல் சுற்றினாள். "அந்தச் சுவிட்சப் போடுங்கண்ணே."

பாண்டி சட்டென்று இறங்கிப் போய் இரும்புக் கதவை உள்ளங்கையால் தொட்டுவிட்டு வந்தான். உடம்பில் மின்சாரம் தங்கியிருந்தால் இறங்கிவிடும் என்று, பட்டாசு அறைக்குள் நுழையுமுன் எல்லோரும் செப்புத் தகட்டைத் தொடுவார்கள். அந்தப் பழக்கம் இங்கேயும் விடவில்லை. பிறகு ஏறி உட்கார்ந்தான். நான் சுவிட்சைப் போட்டேன். மூன்று பேரும் அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மடங்குது!"

"சும்மா தொடுறீகளா, அழுத்துறீகளா?" ராஜேஸ்வரி உறைக்குள் கையை விட்டுத் தன் விரலைப் பிரேக்குக்கும் கைப்பிடிக்கும் நடுவே நுழைத்தாள். "ம், அழுத்துங்க. எனக்கு வலிக்கணும்."

அவன் தயங்கினான். அவள் முறைத்தாள். அழுத்தினான்.

"யம்மா!" விரலை உருவி உதறினாள். வாயருகே வைத்து ஊதிக்கொண்டே, "போயிட்டு வாங்க," என்றாள்.

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. வத்தல் கிடங்கு என்பதால் ஏன் என்று யாரும் கேட்கவில்லை.