இடது பக்கத்து ஸீட்டு

ஆலங்குடி கடலை மில் ரத்தினவேலின் கார் கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். ஊருக்கு மேற்கே கண்மாய்க்கரையில் அது திரும்பும்போதே கடைத்தெருவில் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி ஓரமாக நின்றுவிடுவார்கள். பந்தயத்துக்கென்றே செய்த வண்டி அது. கூரை கிடையாது, கதவு கிடையாது, முன்கண்ணாடி ஒரு சாண் உயரம். இரண்டு பேர் உட்காரலாம், அதுவும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு. புகைக்குழாய் வண்டியின் விலாவை ஒட்டி வெளியே ஓடும். மலைத்தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது, 1951-ல், ரத்தினவேல் அதை வாங்கினார்.

அவர் மனைவி அமிர்தவல்லி குளத்தூர்க்காரி. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முதல் நாள் ஏறி உட்கார்ந்தபோதே புகைக்குழாய்ச் சூட்டில் சேலை ஓரம் பொசுங்கியது. கொடும்பாளூர் வரை போய்த் திரும்புவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு அவள் அதில் ஏறவில்லை. ரத்தினவேலும் வற்புறுத்தவில்லை. மில் வேலை போக மீதி நேரமெல்லாம் அந்தக் காரின் அடியில்தான் படுத்துக் கிடப்பார். கூட இருப்பவர் மெக்கானிக் அடைக்கலராஜ், ஆவூர்ப் பக்கத்துக்காரர், புதுக்கோட்டையில் பட்டறை வைத்திருந்தார். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்து விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களுக்கு இருவரும் மூன்று தடவை போனார்கள். ஒரு தடவை ரத்தினவேல் இரண்டாவதாக வந்தார். அந்தக் கோப்பையை அவர் மில் ஆபீஸ் மேசையில் வைத்திருந்தார்.

அப்படிப்பட்டவர் 1956 தை மாதம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "வண்டிய மாத்திரலாம்னு இருக்கேன்."

அமிர்தவல்லிக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது. "எந்த வண்டிய?"

"கார. திருச்சியில ஒரு வக்கீல்கிட்ட டாப்பு மடக்குற வண்டி ஒண்ணு இருக்கு. அவரு மகனுக்கு நம்ம வண்டி மேல ஒரு கண்ணு. வண்டிக்கு வண்டி மாத்திக்கலாம்ங்கிறாரு. நீயும் செவந்தியும் சொகமா உக்காந்து வரலாம்."

செவந்திக்கு அப்போது நாலு வயது. தனக்காகவும் பிள்ளைக்காகவும் இந்த மனிதர் உயிரையே கழற்றிக் கொடுக்கிறார் என்று அமிர்தவல்லி நினைத்தாள்.

மாற்றிக்கொள்ளும் நாளன்று அவளும் செவந்தியோடு பஸ்ஸில் திருச்சிக்குப் போயிருந்தாள். வக்கீல் மகன் பந்தய வண்டியில் ஏறிப் பங்களா வாசலை விட்டுச் சீறிக்கொண்டு போனான். ரத்தினவேல் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடைக்கலராஜ்தான் தெருக்கோடி வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

புது வண்டி பாலாடை நிறம். சிவப்புத் தோல் ஸீட்டு, மெத்தை போல அமுங்கியது. கதவைச் சாத்தினால் பெட்டி மூடுகிற சத்தம்தான் வரும். மேலே கறுப்புத் துணிக்கூரை. இரண்டு கொக்கியைக் கழற்றிப் பின்னால் தள்ளினால் குடை மாதிரி மடங்கிக்கொள்ளும். ஓடும்போது இன்ஜின் ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும். திருச்சியிலிருந்து வரும் வழியெல்லாம் செவந்தி பின்ஸீட்டில் தூங்கினாள். அமிர்தவல்லிக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. ஆனால் குளத்தூர் தாண்டி, எதிரே வந்த மாட்டு வண்டி ஒன்று கண் இமைப்பதற்குள் பின்னால் போனபோதுதான் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

அதன் பிறகு ரத்தினவேல் அவள் இல்லாமல் வண்டியை எடுப்பதில்லை. மில்லுக்கு, புதுக்கோட்டைக்கு, சரக்கு பார்க்க, எங்கே போனாலும் இடது பக்கத்து ஸீட்டில் அவள் இருக்க வேண்டும். ஊரில் கேலி பேசினார்கள். அவளுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

"வாய மூடிக்கிட்டு வந்தா எனக்குத் தூக்கம் வருது. பாக்குறதையெல்லாம் சொல்லிக்கிட்டு வா" என்பார் ரத்தினவேல்.

"என்னத்தச் சொல்ல?"

"அங்கிட்டு என்ன வருது, ஆரு போறா. சும்மா சொல்லு."

அவள் சொல்லிக்கொண்டு வருவாள். ஆட்டுக்கூட்டம் ஒன்று போகுது. ஒரு ஆள் குடை பிடிச்சிக்கிட்டு வாராரு. ரெண்டு பொம்பளைங்க முந்திரிக்கொட்டைக் கூடையோட நிக்கிறாங்க. அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டுவார். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு போல ஆகிவிட்டது.

ஐப்பசி மழை ஆரம்பித்தது. ஒரு நாள் வம்பன் அருகே தூறல் வலுத்தது. பின்னால் செவந்தி நனைந்துகொண்டிருந்தாள்.

"டாப்ப இழுத்து விடுங்க, புள்ள நனையுது."

"வேணாம். கூண்டுக்குள்ள அடைச்ச மாதிரி இருட்டிக்கிட்டு வரும்."

"மழைக்குத்தானே அதுல டாப்பு வச்சிருக்கான்?"

"சொன்னா கேளு அமிர்தம்." அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. கோபம் என்று அதைச் சொல்ல முடியாது. வீட்டுக்கு வரும்வரை மூவரும் நனைந்தார்கள். செவந்திக்கு நாலு நாள் காய்ச்சல்.

காய்ச்சல் விட்ட அன்று காலை ரத்தினவேல் மில்லில் இருக்கும்போது அடைக்கலராஜ் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"அம்மா, ஒரு விசயம். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க அண்ணே."

"இந்த எட்டு ஒம்போது மாசத்துல மொதலாளி வண்டியோட எடது மட்கார்ட நான் மூணு தரம் தட்டி நிமித்திட்டேன். கேட்டா, மில் கேட்டுல ஒரசிருச்சு, செவுத்துல ஒரசிருச்சுங்கிறாரு. எல்லாம் எடது பக்கந்தான். சோழவரத்துல கடைசியாப் போனப்பவும் அந்தப் பக்கத்துல இருந்த தார் டின்ன அடிச்சாரு. அத்தனை பெரிய டின்னு அவருக்குத் தெரியலை."

அமிர்தவல்லி படி இறங்கிக் கிட்டே வந்தாள்.

"பழைய வண்டின்னா நாப்பதுல போனாலே ஒடம்பு ஆடும், பயம் வரும், கால் தானா பிரேக்குக்குப் போகும். இது அறுவதுல போனாலும் ஒண்ணுந் தெரியாது. ஆளத் தாலாட்டிக்கிட்டே கொண்டு போயிரும். அதான் எனக்குப் பயமா இருக்கு. மொதலாளிகிட்ட என்னால பேச முடியலைங்க. நீங்க கேளுங்க."

ரத்தினவேலின் கை தட்டித் தண்ணீர்ச் செம்பு உருண்டது, கொடியில் உலர்ந்த துணியில் அவர் முகத்தை மோதிக்கொண்டது, இடப்புறம் வந்து நின்ற விருந்தாளியை அவர் கவனிக்காமல் போனதும் அந்த ஆள் கோபித்துக்கொண்டதும் ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவுக்கு வந்தன.

அன்று பொழுது சாயும் நேரம். ரத்தினவேல் மில்லிலிருந்து வந்து கைகால் கழுவப் பின்கட்டுக்குப் போனார். திரும்பி வருகிற வழியில், முற்றத்துத் தூணை ஒட்டி, இடது பக்கமாக அமிர்தவல்லி நின்றாள். விளக்கு இன்னும் ஏற்றவில்லை. ஆனால் கோலப்பொடி கிண்ணத்தில் இருப்பது தெரிகிற அளவுக்கு வெளிச்சம் இருந்தது. அவர் வந்தார். அவளைக் கடந்தார். அவர் சட்டைக் கை அவள் முழங்கையில் பட்டும் படாமலும் போனது. ஊஞ்சலில் உட்கார்ந்து, நேரே அடுக்களையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"அமிர்தம், எங்க போயிட்டே? காப்பி கொண்டா."

இரண்டு எட்டுத் தூரத்தில் நின்றவள் அப்படியே பின்னால் நகர்ந்தாள். சத்தமில்லாமல் பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு அடுக்களைக்குப் போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. பந்தய வண்டியை அவர் ஏன் விட்டார், இடது பக்கத்து ஸீட்டில் தான் எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் கேட்கவில்லை. கேட்டால் அவர் இல்லையென்று சொல்லுவார். சொல்லிவிட்டு, அதை நிரூபிக்கத் தனியாக வண்டியை எடுப்பார். தான் கூட இருக்கும்வரை ஒன்றும் ஆகாது என்று மனத்துக்குச் சொல்லிக்கொண்டாள். அடுத்த பதினோரு நாளும் ஒரு சின்னக் கல்லைக்கூட விடாமல் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். வீட்டுக்கு வந்து இறங்கும்போது தாடை வலிக்கும்.

பன்னிரண்டாம் நாள் புதுக்கோட்டையில் வேலை முடிய நேரமாகிவிட்டது. திருவரங்குளம் தாண்டும்போது மேற்கே சூரியன் இறங்கியிருந்தது. ரத்தினவேல் ஸ்டீரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து ஓட்டினார். வேகம் மட்டும் குறையவில்லை. பின்ஸீட்டில் செவந்தி, "அம்மா, என் வளையல் உள்ள விழுந்துருச்சு" என்று சிணுங்கினாள். அமிர்தவல்லி திரும்பி, ஸீட்டு இடுக்கில் கையை விட்டாள். வளையல் விரலில் தட்டுப்பட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. கடலைச் செடிக் கட்டு ஒன்று முன்கண்ணாடி மேல் விழுந்து சிதறியது. கார் இன்னும் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போய் நின்றது.

ரோட்டோரத்தில் சைக்கிள் வளைந்து கிடந்தது. அதன் அடியில் ஓர் ஆள். மலையாண்டி என்று பெயர், பக்கத்து ஊரில் கூலி வேலை செய்பவர். இடது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பியிருந்தது. அவர் கத்தவில்லை. "சைக்கிளு எரவல் சைக்கிளு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே காரில்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் வந்த லாரி டிரைவர் ஒருவர் ஓட்டினார். சிவப்புத் தோல் ஸீட்டில் ரத்தம் தெரியவே இல்லை. மறுநாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

போலீஸ்காரர் கேட்டபோது ரத்தினவேல், "குறுக்க வந்துட்டான்" என்றார். மலையாண்டியும், "ஆமாங்க, நாந்தான் கவனிக்கலை போலருக்கு" என்று சொல்லிவிட்டார். மில் முதலாளி சொல்வதை மறுத்துப் பேச அவருக்குத் தைரியமில்லை. அதோடு எப்படி நடந்தது என்றும் அவருக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் அமிர்தவல்லி தனியாக பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். மலையாண்டி மயக்கத்தில் இருந்தார். அவர் மனைவி பிச்சையம்மாள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒங்க வீட்டுக்காரரு மேல தப்பில்ல" என்றாள் அமிர்தவல்லி. "அவரு ஓரமாத்தான் போனாரு. எங்க வீட்டுக்காரருக்கு எடது பக்கம் கண்ணு தெரியாது. பொழுது மசங்குனா சுத்தமாத் தெரியாது."

பிச்சையம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ஒங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"அதுக்குப் பன்னெண்டு நாளைக்கு முன்னாடியே."

"தெரிஞ்சுமா கூட உக்காந்து வந்தீங்க?"

அமிர்தவல்லி அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

கேஸ் நடந்தது. ரத்தினவேலின் லைசென்ஸ் போயிற்று. கோர்ட்டு விதித்தபடி மலையாண்டிக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். ரத்தினவேல் ஆறு மாதம் மனைவியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மலையாண்டி மரக்கால் வைத்துக்கொண்டு திருவரங்குளத்தில் டீக்கடை போட்டார். மில்லில் உட்கார்ந்து செய்கிற வேலை தருவதாகச் சொல்லி அனுப்பியதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

மதுரையில் கண் டாக்டர் ரத்தினவேலை இருட்டறையில் உட்கார வைத்து வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குள் பின்பக்கத் திரை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வருகிறது, மருந்து கிடையாது, கடைசியில் குழல் வழியாகப் பார்ப்பது போல நடுவில் கொஞ்சம் இருக்கும், பிறகு அதுவும் போகும் என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். ரத்தினவேலின் பெரியப்பா ஒருவர் நாற்பது வயதில் கண் போய்க் கிடந்தவர்.

"பிள்ளைகள் இருக்கா?" என்றார் டாக்டர்.

"ஒரு பொண்ணு. அஞ்சு வயசு."

"இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. வளரட்டும், பாத்துக்கிட்டே இருங்க."

1958-ல் அமிர்தவல்லி கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அடைக்கலராஜ் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். ஆலங்குடிக் கடைத்தெருவில் பொம்பளை கார் ஓட்டுவதை நின்று பார்த்தார்கள். சில பேர் சிரித்தார்கள். அவள் இருபத்தைந்துக்கு மேல் போகமாட்டாள். மில்லையும் அவளே பார்க்க ஆரம்பித்தாள். திருவரங்குளம் வந்தால் டீக்கடையைத் தாண்டும்வரை நடை வேகத்தில்தான் போவாள். மலையாண்டி அவளைப் பார்த்தால் தலையை அசைப்பார். பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கமாட்டார். 1962-க்குள் ரத்தினவேலுக்கு முழுவதும் இருண்டுவிட்டது. அதன் பிறகு அவர் கோபமும் போய்விட்டது. செவந்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்.

ஒவ்வொரு நாளும் பொழுது சாய்கிற வேளையில் அமிர்தவல்லி ஏதாவது ஒரு சாக்கில் மகளைக் கூப்பிடுவாள். முற்றத்தில் ஊசியைப் போட்டு எடுக்கச் சொல்லுவாள். கொல்லையில் கோழிக்குஞ்சு எத்தனை என்று எண்ணச் சொல்லுவாள். செவந்தி எண்ணிச் சொல்லிவிட்டு ஓடிப்போவாள். அன்றைக்கு ஒரு நாள் நிம்மதி.

1964 ஆடி மாதம். செவந்திக்குப் பன்னிரண்டு வயது, புதுக்கோட்டையில் ஏழாவது படித்தாள். பள்ளிக்கூடம் விட்டுக் காரில் கூட்டி வந்துகொண்டிருந்தாள் அமிர்தவல்லி. மணி ஐந்தரை இருக்கும். ரோட்டோரப் பனைமரங்களின் நிழல் நீளமாக, தெளிவாக விழுந்திருந்தது. பக்கத்து ஸீட்டில் இருந்த செவந்தி கேட்டாள்.

"ஏம்மா லைட்டுப் போடாம ஓட்டுறே?"

அமிர்தவல்லி லைட்டைப் போட்டாள். அத்தனை வெயிலில் அந்த வெளிச்சம் ரோட்டில் விழுந்த இடமே தெரியவில்லை.

"இப்பத் தெரியுதா?"

"கொஞ்சம்" என்றாள் செவந்தி.

இந்தத் தடவை அமிர்தவல்லி ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே மகளோடு போய் ரத்தினவேலிடம் சொன்னாள். அவர் கையை நீட்டித் தடவி மகளின் தலையைத் தேடிப் பிடித்தார்.

"காலையில மதுரைக்குப் போயிரலாம்" என்றார். "நானும் வாரேன்."