பின்பக்கம் ஒரு சாண் துணி

பதினான்கு வருடமாக எனக்கு ஒரே நாற்காலி, ஒரே புலம்பல். "படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று தொண்டை வற்றக் கத்துவேன், யாரும் படிக்க மாட்டார்கள். ஆலைகள் மூடிப்போன பகுதி எங்களுடையது. அரசாங்கம் வாங்கும் சாமான்களில் ஒரு பங்கை இப்படிப்பட்ட பகுதிகளின் சிறுதொழில்காரர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. அந்த டெண்டரைப் போடக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை. கற்றுக்கொண்டவர்களை விட என் உயிரை வாங்கியவர்கள்தான் அதிகம். அதில் முதலிடம் பட்டன் அக்காவுக்கு.

தையல்காரி. வாயோரத்தில் எப்போதும் ஒரு பட்டன் இருக்கும். பேசும்போது அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொள்வார். பூட்டிக் கிடந்த மருந்துக் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்து ஆறு மிஷின் போட்டிருந்தார். மாத்திரை அடுக்கிய அலமாரியில் இப்போது நூல்கண்டு. அவரோடு ஐந்து பெண்கள் தைத்தார்கள், வீட்டுக்காரர் இஸ்திரி போட்டார். பள்ளிச் சீருடை சீசன் முடிந்தால் மிஷின்கள் சும்மா நிற்கும். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போகிற தூரத்திலிருந்த பெரிய கம்பெனி ஒன்று அந்த ஐந்து பேரையும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கைக்குழந்தைக்காரிகள், போக மனமில்லை. ஆனால் எத்தனை நாள்தான் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்?

அந்த நேரத்தில்தான் அரசு ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கான அங்கி டெண்டர் வந்தது. பதினைந்தாயிரம் அங்கி, ஒரு வருட வேலை. அக்காவை உட்கார வைத்து ஒவ்வொரு தாளாகப் படித்துக் காட்டினேன்.

"மாதிரிக்கு ரெண்டு தைக்கணும். இதுல என்ன எழுதியிருக்கோ அதை மட்டும் தைங்க. கூடவும் வேணாம், குறையவும் வேணாம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

ஒரு மண்ணும் புரியவில்லை. மாதிரிகளைச் சரிபார்த்த அன்று அக்காவுடையதை முதலிலேயே தள்ளுபடி செய்துவிட்டார்கள். முதுகுப்பக்கம் இரண்டு ஓரமும் சேர்ந்து நின்று நாடாவால் முடிய வேண்டும், அவ்வளவுதான் விதி. இவரோ ஒரு ஓரத்தை ஒரு சாண் நீட்டி மற்றதன் மேல் மடித்து விட்டிருந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அக்கா, உங்களை யாரு இதெல்லாம் செய்யச் சொன்னா?"

"போன வருஷம் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தேன் சார். அந்த அங்கி பின்னால பெப்பரப்பேன்னு திறந்து கிடந்துச்சு. ஒரு கையில குளுக்கோஸ் பாட்டில், ஒரு கையால துணியைப் பிடிச்சுக்கிட்டு பாத்ரூமுக்கு நடந்தேன். அதையே என் கையால எப்படி சார் தைக்கிறது?"

என் கோபம் இறங்கிவிட்டது. வேலை தெரியாதவன் அளவில் குறைப்பான். அங்கியைக் கூடுதலாகத் தைத்துத் தோற்க, நல்ல தையல்காரியால்தான் முடியும். மனசு கேட்காமல் டீ வாங்கிக் கொடுத்தேன்.

நல்ல காலம், மாதிரியில் தேறியது ஒரே ஒரு ஆள்தான். போட்டி இல்லையென்று டெண்டரை ரத்து செய்து, மறுபடி விடப்போவதாக அறிவித்தார்கள். விடுவதற்கு முன்னால் ஒரு கேள்விக் கூட்டம் நடக்கும். விதியில் மாற்றம் வேண்டுமானால் அங்கேதான் கேட்க வேண்டும். எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. அக்காவை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

நீள மேசை. ஒரு முனையில் கொள்முதல் அதிகாரி, பக்கத்தில் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ், சுற்றிலும் சட்டை கசங்காத கம்பெனிக்காரர்கள். அக்கா எழுந்தார். சட்டென்று பையிலிருந்து பழைய அளவில் தைத்த ஒரு அங்கியை எடுத்தார்.

"எந்திரிங்க சார்" என்றார், என்னைப் பார்த்து.

சட்டைக்கும் பேன்ட்டுக்கும் மேலே மாட்டிவிட்டு, கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைத் திணித்தார். "கதவு வரைக்கும் நடங்க."

மானம் போனது போனதுதான் என்று நடந்தேன். நாலு பேர் சிரித்தார்கள்.

"அவர் கை எங்க இருக்குன்னு பாருங்க" என்றார் அக்கா.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. உள்ளே பேன்ட் போட்டிருந்தும் என் இடது கை தானாகப் பின்னால் போய்த் துணியைப் பிடித்திருந்தது. சிரிப்பு நின்றது.

"என் வார்டுல எல்லாரும் அப்படித்தான் நடக்கறாங்க" என்றார் தலைமை நர்ஸ், அதிகாரியின் பக்கம் திரும்பி. "மாத்திடுங்க."

இருபது சென்டிமீட்டர் மேல்மடிப்பு என்று புது விதி வந்தது. விலை உறைகளைப் பிரித்த நாளில் நான் நகத்தைக் கடித்தே தீர்த்தேன். அக்காவுக்கே கிடைத்தது. ஐந்து பெண்களும் கம்பெனி பஸ் ஏறவில்லை. அந்தச் சேதி கேட்டு எனக்குக் கண் கலங்கியதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

முதல் கட்டு அனுப்புமுன் ஒரு அங்கியைச் சரிபார்க்கக் கொண்டுவந்தார். அளவு நாடாவை வைத்துப் பார்த்தேன். மேல்மடிப்பு இருபது, நீளம் சரி, நாடா நாலு. திருப்பினால், மார்பின் உள்பக்கம் ஒரு குட்டிப் பாக்கெட்!

"அக்கா!"

"மூக்குக் கண்ணாடி வைக்க சார். தலையணைக்கு அடியில வச்சு எத்தனை பேரு உடைக்கிறாங்க தெரியுமா?"

மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். முகம் சுண்டிப்போய் ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். பிரித்த துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பட்டனைக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுக் கேட்டார்:

"அடுத்த கேள்விக் கூட்டம் எப்ப சார்?"