ஆணியில் ஒரு பித்தளை வில்லை

ஆயுள் முழுக்கப் பிறருக்குக் கருவி எடுத்துக் கொடுத்த ஒருவருக்கு, தனக்கு எந்தக் கருவி வேண்டும் என்று தெரியுமா? கருவடிக்குப்பம் அலெக்சியை நினைத்தால் இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

அலெக்சி பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சொல்தா. சொல்தா என்றால் துப்பாக்கியோடு எங்கோ பாலைவனத்தில் நின்றவர் என்று தெருவில் நினைக்கிறார்கள். இவர் நின்றது ஒரு ஜன்னலுக்குப் பின்னால். ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் கருவி அறை இவர் பொறுப்பு. சுவரில் பெரிய பலகை. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆணி. ஆணிக்குப் பின்னால் அந்தக் கருவியின் வடிவம் கறுப்பு பெயின்டில். ஸ்பேனர் கேட்டு வருகிறவர் தன் பெயர் பொறித்த பித்தளை வில்லையைக் கொடுக்க வேண்டும். அதை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் அலெக்சி ஸ்பேனரை நீட்டுவார். வில்லை இல்லையென்றால் அதிகாரியே வந்தாலும் வெறுங்கைதான்.

அந்த ஸ்பேனர்களில் ஒன்றால்கூட அவர் ஒரு நட்டைத் திருகியதில்லை. அதே பட்டறைக்கு லாரி ஓட்டி வந்த ரொபேர், இப்போது கோரிமேட்டில் இருப்பவர், எந்தக் கல்யாண விருந்திலும் இதைச் சொல்லாமல் இலையை மடிப்பதில்லை. "அவன் குடுப்பான், நாங்க திருகுவோம்."

போன விடுமுறைக்கு வந்த மகள் சபின் அப்பாவுக்கு ஒரு ரிமோட் கார் கொண்டுவந்தாள். பெட்டியைத் திறந்தால் கார் இல்லை. பை பையாகத் திருகுகள், தண்டுகள், பல்சக்கரங்கள். நாமேதான் சேர்க்க வேண்டும்.

மனைவி க்ளெமான்ஸ் எட்டிப் பார்த்தார். "உங்க பொண்ணு இத கடையில வாங்கினாளா, காயலான் கடையில அள்ளினாளா?"

ரொபேரிடம் ஏற்கெனவே அப்படியொரு கார் உண்டு. தட்டாஞ்சாவடியில் ஞாயிறன்று பூட்டியிருக்கும் ஒரு தொழிற்கூடத்தின் சிமெண்டு முற்றத்தில், நாலைந்து பேர் கார் ஓட்டிப் பந்தயம் விடுவார்கள். செய்தி அவருக்குப் போனது. உடனே வந்துவிட்டார்.

"நான் திருகித் தர்றேன் டா. நீ பக்கத்துல நின்னு எடுத்துக் குடு. பழக்கம்தானே?"

"வர்ற ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் கார எடுத்துக்கினு வர்றேன்" என்றார் அலெக்சி. "நானே திருகினது."

"அப்படி வந்துட்டா, இனிமே எந்த விருந்துலயும் வாயத் தொறக்க மாட்டேன்."

மறுநாள் அலெக்சி வாங்கிய ஒரு சிவப்பு இரும்புக் கருவிப் பெட்டி ஆட்டோவில் வந்தது. ரிங் ஸ்பேனர்கள், சுத்தியல், குழாய்க்காரர்கள் பிடிக்கும் பெரிய ரெஞ்ச். அலெக்சி சுவரில் பிளைவுட் அடித்து எல்லாவற்றின் வடிவத்தையும் கறுப்பில் வரைந்தார். தன் பெயரிலேயே பித்தளை வில்லைகளும் செய்துகொண்டார். வில்லையை மாட்டாமல் தன் ஸ்பேனரைத் தானே எடுக்க மாட்டார்.

"உங்க சாமான நீங்களே திருடிருவீங்களா?" என்றார் க்ளெமான்ஸ்.

"ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல."

ஆனால் பெட்டியிலிருந்த மிகச் சிறிய ஸ்பேனரும் காரின் மிகப் பெரிய திருகைவிடப் பெரிதாக இருந்தது. "இத வச்சு கோயில் மணியவே கழட்டலாம்ங்க" என்றார் க்ளெமான்ஸ், ஆறுதலாக.

அடுத்து, நடைபாதைக் கடையில், திருகின் ஆறுமூலைக் குழிக்குள் விட்டுத் திருகும் வளைந்த அலன் கீ ஒரு கட்டு வாங்கினார். மோட்டாரின் பல்சக்கரத்தை ஒரு கடுகளவு திருகுதான் பிடித்து நிறுத்துகிறது. மட்டமான இரும்பு, திருகு பிடிக்கும் முன்பே அலன் கீயின் முனை வழுக்கிச் சுற்றி, ஆறு மூலையாக இருந்த குழியை வட்டமாக்கிவிட்டது. கருவியை அதன் நிழலை வைத்தே அறிந்தவர் செய்யும் தவறு இது. அலன் கீ மாதிரி இருந்தது, அதனால் அலன் கீ என்று நம்பினார்.

பிறகு எல்லாத் திருகுகளையும் சாப்பாட்டுத் தட்டில் கொட்டிக் குழிவாரியாகப் பிரித்தார். மூன்றே அளவு. நேரான கைப்பிடியும் கெட்டி எஃகு முனையும் கொண்ட மூன்று அலன் டிரைவர்கள்: ஒன்றரை, இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர். சக்கர நட்டுக்கு ஒரு சின்ன பாக்ஸ் ஸ்பேனர், ஒரு மூக்குக் குறடு, காரின் பிளாஸ்டிக் மேல்கூட்டை வெட்ட வளைந்த கத்தரி. அவ்வளவுதான் வேண்டியிருந்தது, வாங்கி வந்தார். பலகையை வெள்ளையடித்துப் புதிதாக வரைந்தார். குழி கெட்ட திருகோடு இருந்த பல்சக்கரத்துக்குப் பதில் பெட்டியில் உதிரியாக வந்ததைப் போட்டார். சிவப்புப் பெட்டியில் இப்போது வெங்காயம் இருக்கிறது.

ஞாயிறன்று, கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு போனார். கார் ஓடியது. நேராக ஓடியது என்று சொல்ல மாட்டேன்.

"உன்ன மாதிரியே சாஞ்சு நடக்குது டா" என்றார் ரொபேர்.

பந்தயம் தொடங்க இருந்தது. ரொபேரின் காரில் மோட்டார் கத்தியது, சக்கரம் அசையவில்லை. அதே கடுகளவு திருகு தளர்ந்திருந்தது. அவருடைய ஒன்றரை மில்லிமீட்டர் டிரைவர் முனை உடைந்து கிடந்தது. அலெக்சி முன்னால் வந்து நின்றார். கூட்டம் சிரிக்கத் தயாரானது. ரொபேர் சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினார்.

"இந்தா, என் வில்லை."

"வேணாம், புடி" என்று அலெக்சி டிரைவரைக் கொடுத்தார்.

ரொபேர் முதலில் வந்தார். அலெக்சி கடைசி, ஆனால் எல்லாச் சுற்றும் ஓட்டினார். முடிந்ததும் ரொபேர் அந்தக் காரைத் தூக்கி ஒவ்வொரு திருகையும் விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆடல டா. நல்லாத்தான் திருகியிருக்க." அதற்குப் பின் வந்த ஒரு ஞானஸ்நான விருந்தில், பழைய வாக்கியத்தைத் தொடங்கி, பாதியில் பாயசம் கேட்டார்.

பந்தயத்துக்கு மறுநாள் டிரைவரைத் திருப்பித் தர வந்தவரிடம், "உங்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார் அலெக்சி. காலியான அந்த ஆணியில், விதிப்படி ரொபேரின் பெயர் தொங்க வேண்டிய இடத்தில், இனிக் கேட்டு வாங்கப்போகிறவர் தாம்தான் என்பதுபோல் தன் வில்லையை மாட்டினார். அந்த அளவில் இன்னொன்று வாங்கவுமில்லை. அந்தச் சின்னத் திருகு தளரும்போதெல்லாம் கோரிமேட்டுக்குப் போய், ரொபேரிடம் கேட்டு வாங்கி வருகிறார். வேலை முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஏன் என்று க்ளெமான்ஸ் கேட்டால், கோரிமேட்டுக்குக் கிளம்ப ஸ்கூட்டர் சாவியைத் தேடுகிறார்.