ரொமால்டு அண்ணாச்சியை உயிர்ப்பித்த புகார்

"வக்கீலம்மா, நான் செத்துட்டேனாம்லா. பேங்க்காரன் சொல்லுதான்."

இப்படிச் சொல்லிக்கொண்டுதான் ரொமால்டு அண்ணாச்சி என் ஆபீசுக்குள் நுழைந்தார். தூத்துக்குடியில் நுகர்வோர் வழக்கு நடத்தும் எனக்கு, இறந்தவரே நேரில் வந்து வக்காலத்து கொடுத்தது அதுதான் முதல் முறை.

அவர் விசைப்படகு வைத்திருப்பவர். மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் புது இன்ஜின் மாட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் ஊரே கடலுக்குப் போகும்போது இவர் படகு மட்டும் கரையில் கிடக்கும். லோன் கேட்ட பேங்க், கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டது. பழைய பைக் லோனுக்கு நேராக 'கடன்தாரர் இறந்துவிட்டார்' என்று இருந்தது.

அந்த லோனை அவர் கட்டி முடித்து, பாக்கி இல்லை என்ற என்ஓசியும் வாங்கியிருந்தார். ரிப்போர்ட் தரும் கம்பெனியின் வெப்சைட்டில் டிஸ்ப்யூட் போட்டோம். அவர்களாக எதையும் திருத்த மாட்டார்கள், கடன் கொடுத்தவரைத்தான் கேட்பார்கள். பைக் லோன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனி 'எங்கள் பதிவு சரியே' என்று எழுதி, ஆதாரமாக ஒரு போட்டோவும் அனுப்பியது.

கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். இறந்தவர் அண்ணாச்சியின் கூட்டாளி. அவர் படம் மேல் மூலையில் தபால்தலை அளவு. நடுவில் கூலிங் கிளாஸோடு, போன் பேசியபடி, ஆளுயரத்துக்கு ரொமால்டு அண்ணாச்சி. ஒரு தவணை தாமதமானபோது தேடிவந்த கலெக்‌ஷன் ஆள், இவர் கடலில் இருந்த சமயம், செத்தது இவர்தான் என்று இதைப் படமெடுத்துப் போயிருக்கிறார். திரும்பி வந்து அண்ணாச்சி முழுப் பாக்கியும் கட்டினார். பதிவை மட்டும் யாரும் மாற்றவில்லை.

"துட்டு போட்டவன் படம் பெருசா இருக்கும்லா?" என்றார் அண்ணாச்சி, கூச்சமே இல்லாமல்.

அவரையே ஃபைனான்ஸ் ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், கடைசியில் கம்ப்யூட்டரைத்தான் நம்பினார்.

"மேடம், இறந்தவர் கம்ப்ளைன்ட்ல வாரிசுதான் கையெழுத்துப் போடணும்."

"ஏலே, நான் செத்துட்டேன்னு எம் மவன் வந்து கையெழுத்துப் போடணுமோ?"

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். நோட்டீஸ் விட்டேன். புகார் கொடுத்து முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மனிடம் செலவில்லாமல் புகார் செய்யலாம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அவர்கள் அசையவில்லை. முப்பது நாள் கடந்ததும் ஓம்பட்ஸ்மனுக்கு ஆன்லைனில் எழுதினோம். அதன்பிறகுதான் கம்பெனிக்குத் தூக்கம் கலைந்தது. தடைக்காலம் முடிவதற்குச் சற்று முன்னால் பதிவைத் திருத்தினார்கள், இழப்பீடும் வந்தது.

இளைய வக்கீல்களே, கிரெடிட் ரிப்போர்ட் வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம். கடன் தேவைப்படாத காலத்திலேயே அதை வாங்கிப் பார்க்கும்படி கட்சிக்காரரிடம் சொல்லுங்கள். தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்ட முடியாது.

இன்ஜின் லோனுக்குக் கையெழுத்துப் போடும்போது நானும் உடனிருந்தேன். பேங்க் மேனேஜர் கூடவே ஓர் இன்சூரன்ஸ் பாரத்தை நீட்டினார்.

"இதையும் போட்டுருங்க அண்ணாச்சி. மனுசனுக்கு எப்ப என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

அண்ணாச்சி பேனாவைக் கீழே வைத்தார்.

"போன தடவ செத்ததுக்கு நாளுக்கு நூறு ரூவா தந்தானுவ. நீங்க எவ்வளவு தருவிய?"