மாமாவின் நாக்கு

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், மாமா என்று நாலு பேர். ஐந்தாவதாக ஒரு வெள்ளைக்காரரும் இருந்தார். அவர் செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பதுதான் ஒரே குறை. விக்டோரியா மகாராணி காலத்தில் லண்டனில் உட்கார்ந்துகொண்டு ஊரையே நக்கலடித்துப் பிழைத்த மனிதராம். அவருடைய பொன்மொழிப் புத்தகம் ஒன்றை மாமா பழைய புத்தகக் கடையில் பிடித்துவந்திருந்தார். அட்டையில் உயரமான தொப்பி போட்ட ஆள் ஒருவர் கெட்டுப்போன கருவாட்டை முகர்ந்துவிட்டவர் மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பார். வீட்டில் எல்லாருக்கும் அவர் தொப்பிக்காரர்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு டியூஷன் சென்டரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் பிடிகொடுக்காமல், பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பிளாட்டின் பின்னறையில் குடியிருந்தார். இன்றைக்கு நடக்கிற எதையும் தொப்பிக்காரரிடம் கொண்டுபோய்ப் பொருத்திவிடுவது அவருக்குக் கைவந்த கலை. பெரியம்மா தன் போட்டோவை வெளுப்பாக்கிக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டால் போதும். "கண்ணாடி பொய் சொல்லாது, அதனாலதான் ஓவியனுக்குச் சம்பளம் கொடுக்கறோம்னு அவரு அப்பவே சொல்லிட்டாரு லா" என்பார். நாங்கள் சிரிப்போம். அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். "சோறு ஆறுது, சாப்பிடு" என்பார்.

அம்மாவுக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். "உனக்குக் கருநாக்குடா. வாயத் தொறந்தா நல்லதா ஒண்ணு வராதா?" என்று தலையில் குட்டுவார். கருநாக்கு உள்ளவர்கள் சொல்லும் கெட்டது அப்படியே பலிக்கும் என்று எனக்கு விளக்கியதும் அம்மாதான். அன்றிலிருந்து நான் கவனிக்க ஆரம்பித்தேன். எதிர் வீட்டு அங்கிள் புதுக் கார் வாங்கியபோது, "புதுச் சாமான பக்கத்து வீட்டுக்காரனுக்காக வாங்கறோம், பழுதானாத்தான் அது நமக்குச் சொந்தமாகுது" என்று மாமா தொப்பிக்காரர் பேரில் அவிழ்த்துவிட்டார். அந்த வாரமே மழை கொட்டி, கீழ்த்தளத்தில் வெள்ளம் புகுந்து, காருக்குள் தவளை உட்கார்ந்திருந்தது. கருநாக்கேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்தக் கீழ்த்தளத்தில் வருஷா வருஷம் வெள்ளம் வரும் என்பதெல்லாம் பத்து வயதில் ஒரு விஷயமா?

அப்பா கிள்ளானில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். தனக்குக் காய்ச்சல் தலைவலி என்று எதுவுமே வந்ததில்லை என்பதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே அதைத் திரும்பவும் சொன்னார். மாமா சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அவர் மாமா இல்லையே. "நோயே வந்ததில்லைன்னு பீத்திக்கிறவன் டாக்டருக்கு ஒரே ஒரு தடவைதான் வேலை வைப்பான்னு தொப்பிக்காரரு சொல்றாரு மச்சான்" என்றார். ஒரே ஒரு தடவை என்பதன் அர்த்தம் எனக்கு உடனே புரிந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. டிங்கி, கொசுக்கடியால் வருகிற காய்ச்சல் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

பிளேட்லெட் என்று ஒன்று இருக்கிறது, அது இறங்கக்கூடாது, ஆனால் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். எங்கள் பிளாட் லிஃப்ட் மாதிரி, ஏறச் சொல்லி எத்தனை அழுத்தினாலும் கீழேயே போகிறது. பெரியம்மா நண்டு சூப் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார். எதிர் வீட்டு ஆன்டி பப்பாளி இலையை அரைத்துச் சாறு பிழிந்து கொடுத்தார். இதெல்லாம் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றியது. காரணம் நண்டிலும் இல்லை, இலையிலும் இல்லை, பின்னறையில் இருக்கிறது. அதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் மாமாவை வீட்டை விட்டுத் துரத்திவிடுவார்கள். சொல்லாவிட்டால் அப்பா செத்துப்போவார்.

ஒரு மத்தியானம் மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சோபாவிலேயே வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டார். அம்மாவின் பழைய போனில் டார்ச்சைப் போட்டுக் கிட்டே போய்ப் பார்த்தேன். நாக்கின் ஓரத்தில் கருப்பாக ஒரு திட்டு. அடுப்படிக்குள் ஓடி, கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பால் விடாத கோப்பி ஓ குடித்த கறையாகவும் இருந்திருக்கலாம். மாமா அப்போது சாப்பாட்டை விட்டுவிட்டு அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தார். சாப்பிடாததும் பேசாததும் குற்றமுள்ள நெஞ்சின் அறிகுறி என்று அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அம்மா மேலே வார்டில். சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே அனுமதி இல்லை. வாசலில் நின்ற மலாய்க்காரக் காவலர் "தா போலே", கூடாது என்று பாவமாகத் தலையாட்டினார். நானும் மாமாவும் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அம்மாவிடமிருந்து போன் வந்தது. அப்பாவை வேறு அறைக்கு மாற்றுகிறார்களாம். மாமா போனை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இனிமேலும் சும்மா இருந்தால் ஆகாது என்று எனக்கு எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது.

"மாமா, அன்னிக்குச் சொன்னத வாபஸ் வாங்குங்க."

"எதம்மா?"

ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "அம்மாகிட்ட சொன்னியா இத?" என்றார். இல்லை என்றேன். "அம்மாவுக்கு ஞாபகம் இருக்குமா?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? கருநாக்கு சொன்ன கெட்டது பலிக்கும் என்றால் நல்லதும் பலித்துத்தானே ஆகவேண்டும் என்று என் வாதத்தை எடுத்து வைத்தேன். மூடநம்பிக்கை என்றால் தொப்பிக்காரரை விட்டுக் கிழித்தெடுக்கிற மாமா அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"என்ன சொல்லணும், நீயே சொல்லும்மா."

"மச்சான் பொழச்சு வீட்டுக்கு வருவாருன்னு சொல்லுங்க. தொப்பிக்காரரு சொன்னாருன்னு சொல்லக்கூடாது. நீங்களே சொல்லணும்."

முதல் தடவை முணுமுணுத்தார். திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னார். சத்தமாகச் சொல்லச் சொன்னேன். பக்கத்து பெஞ்ச் சீனப் பாட்டி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொன்னார். பிறகு எழுந்து மாடிப்படிப் பக்கம் போனவர் ரொம்ப நேரம் கழித்து முகமெல்லாம் ஈரமாகத் திரும்பி வந்தார். முகம் கழுவினாராம்.

அப்பா பிழைத்தார். பெரியம்மா நண்டு என்றார், எதிர் வீட்டு ஆன்டி பப்பாளி என்றார், டாக்டர் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். எனக்கு உண்மை தெரியும், வாயைத் திறக்கவில்லை. அப்பா மெலிந்துபோய் வீட்டுக்கு வந்த பிறகு மாமா தொப்பிக்காரரை எடுக்கவே இல்லை. பெரியம்மாவின் வெளுத்த போட்டோ குழுவில் வந்து விழும். எல்லாரும் மாமாவைப் பார்ப்போம். அவர் குனிந்து சோற்றைப் பிசைவார். அம்மாகூட, "என்னடா, ஒண்ணும் சொல்லலியா?" என்று வாயைக் கிளறிப் பார்த்தார். எனக்கோ நிம்மதியான நிம்மதி. மாமாவுக்கு நாக்கு குணமாகிவிட்டது.

அந்தத் தைப்பூசத்துக்கு மாமா பத்துமலையில் பால்குடம் எடுப்பதாகச் சொன்னபோது வீடே வாயைப் பிளந்தது. கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிற ஆள் அவர். ஆற்றங்கரையில் மஞ்சள் வேட்டியோடு நின்றார். "வேல் வேல்" என்று சுற்றி முழங்க, ஒருவர் அவருடைய நாக்கை நீட்டச் சொல்லி, விபூதி தடவி, குட்டி வெள்ளி வேலை அதில் குத்தி இறக்கினார். நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். இவருக்கு யார் இப்படித் தண்டனை கொடுத்தது, நான் காட்டிக்கொடுக்கவே இல்லையே என்று நடுங்கினேன். இது அவரே ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று வேண்டிக்கொண்டது என்று அம்மா எனக்குச் சொன்னது ரொம்ப வருடம் கழித்துத்தான்.

அப்பா பால்குடத்துக்குப் பக்கத்திலேயே படியேறினார். மூச்சு வாங்கியது, நிற்கச் சொன்னால் கேட்கவில்லை. மேலே குகையில் வேலைப் பிடுங்கி நாக்கில் விபூதியை அப்பியதும் அப்பா மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எங்கடா உன் தொப்பிக்காரன்? இவ்ளோ கூட்டத்தப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லலியா? சொல்லுடா. எனக்குக் கேக்கணும்போல இருக்கு."

மாமாவின் உதடு அசைந்தது. நான் பாய்ந்து போய், எக்கி நின்று, இரண்டு கையாலும் அவர் வாயைப் பொத்தினேன். கையெல்லாம் விபூதி. உள்ளே அவர் உதடு துடித்துக்கொண்டே இருந்தது. அப்பா என் கையை விலக்கப் பார்த்தார், நான் விடவில்லை. இப்போதுதான் காப்பாற்றி வைத்திருக்கிற உயிரோடு அப்பா ஏன் இப்படி விளையாடுகிறார் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.